தட்டிக் கேட்ட கதை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

ஆலங்குடிப் பக்கம் பலாப்பழம் வாங்கப் போனால் யாரும் முதலில் விலை கேட்பதில்லை. பழத்தைத் தட்டிப் பார்ப்போம். காய் என்றால் கல் மாதிரி ஒலிக்கும். பழுத்தது தொப் தொப்பென்று மந்தமாகச் சொல்லும். பானை வாங்கும்போதும் அப்படித்தான். நல்ல பானை கணீரென்று பேசும், கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் குரல் உடைந்துவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த வீடுகளில் பழைய கொத்தனார்கள் கரண்டியின் காம்பால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போவார்கள். எங்கே சாந்து நிரம்பவில்லையோ அங்கே 'டொக்' என்று பொள்ளல் சத்தம் வரும். அந்தக் கல்லைப் பெயர்த்து மறுபடி பதிப்பார்கள். உடைக்காமல், அறுக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வித்தை இது. பொறியியல் படித்தவர்கள் இதற்கு 'அழிவில்லாச் சோதனை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சுருக்கமாக என்.டி.டி.

இந்த வித்தை நம்மிடம் மட்டும் இருந்ததாக நான் பெருமை பேச வரவில்லை. ஆஸ்திரியாவில் லியோபோல்ட் ஆவன்புருகர் என்று ஒரு மருத்துவர் இருந்தார். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர். ஒயின் பீப்பாயில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று விடுதிக்காரர்கள் தட்டிப் பார்த்துச் சொல்வது வழக்கம். மகன் அதையே நோயாளியின் நெஞ்சில் செய்து பார்த்தார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் சத்தம் மந்தமாகிறது என்று கண்டு 1761இல் ஒரு சிறிய புத்தகம் போட்டார். இன்றும் டாக்டர் நம் முதுகில் விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டுகிறார் அல்லவா, அது அந்த பீப்பாயிலிருந்து வந்தது. ரயில்வேயிலும் சுத்தியலோடு ஒருவர் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவார். விரிசல் விட்ட சக்கரம் மணி போல ஒலிக்காது.

ஆனால் தட்டிப் பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. குறை பெரிதாக இருக்க வேண்டும், மேல்பரப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கடுகளவு குறை நாலு விரற்கடை ஆழத்தில் இருந்தால் எந்தக் காதுக்கும் பிடிபடாது. காரணம் எளிது. நம் காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலைநீளம் பெரியது. மீன் பிடிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வலைக்கண் பெரிதாக இருந்தால் கெண்டைக் குஞ்சு தப்பித்துவிடும். சின்னக் குறையைப் பிடிக்கச் சின்ன அலை வேண்டும். சின்ன அலை என்றால் அதிர்வெண் கூட வேண்டும். நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் போனால் மனிதக் காது கைவிட்டுவிடும். அதைத்தான் மீயொலி என்கிறோம். வௌவாலுக்கு அது கேட்கும்.

இந்த மீயொலியை மனிதன் கைக்குக் கொண்டுவந்தது ஒரு பெரிய சாவு. 1912 ஏப்ரல் 15ஆம் தேதி டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. அடுத்த சில நாட்களுக்குள் லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், சத்தத்தை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்டுத் தடையைக் கண்டுபிடிக்கும் யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த மாதமே தண்ணீருக்குள் அதைச் செய்யும் முறைக்கும் விண்ணப்பித்தார். யோசனை இருந்தது, அவ்வளவு வேகமாக அதிரக்கூடிய கருவி கையில் இல்லை. அது வேறொரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. 1880இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள், குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டிருந்தார்கள். (மேரி கியூரியின் கணவர் பியர், அவருடைய அண்ணன் ஜாக்.) மின்சாரம் கொடுத்தால் அந்தப் படிகம் அதிரும் என்பதும் பின்னால் தெரிந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, பியர் கியூரியிடம் படித்த பால் லாஞ்செவின் அந்தப் படிகத்தை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்துக் கடலுக்குள் மீயொலியை அனுப்பிக் காட்டினார். 1917, 1918 வாக்கில் எதிரொலி திரும்பி வந்தது. வாத்தியாரின் படிகம் மாணவரின் கையில் வேலை செய்தது. ஓர் ஆசிரியைக்கு இந்த வரி எழுதும்போது கொஞ்சம் சந்தோஷம் வரத்தான் செய்கிறது.

நடுவில் நம் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்லாமல் போனால் தப்பு. திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன். 'ராமன் விளைவு' எல்லோருக்கும் தெரியும். அவர் மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்து 1920இல் எழுதியதும் சிலருக்குத் தெரியும். 1935, 1936 ஆண்டுகளில் பெங்களூரில் அவரும் அவருடைய மாணவர் நாகேந்திரநாத்தும் சேர்ந்து, திரவத்துக்குள் மீயொலி போகும்போது அதன் குறுக்கே போகும் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். உலகம் முழுக்க அது இன்றும் 'ராமன் - நாத் கொள்கை' என்றே வழங்குகிறது. குருவின் பெயரோடு சீடனின் பெயரும் நிற்கிறது, அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடலில் கப்பலைத் தேடிய ஒலியை உலோகத்துக்குள் குறையைத் தேட அனுப்பலாம் என்று முதலில் சொன்னவர் ரஷ்யாவின் செர்கேய் சோகோலோவ், 1928இல். அவர் முறை எளியது. ஒரு பக்கம் ஒலியை அனுப்பு, மறுபக்கம் வாங்கு. நடுவில் புரை இருந்தால் மறுபக்கம் நிழல் விழும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃப்ளாய்ட் ஃபயர்ஸ்டோன் இன்னொரு வழி கண்டார். ஒரே பக்கத்தில் நின்றுகொண்டு துடிப்பை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளந்து, குறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 1940இல் விண்ணப்பித்து 1942இல் காப்புரிமை பெற்றார். போர் முடிந்தபின் ஜெர்மனியின் கொலோன் நகரில் கிராட்கிராமர் சகோதரர்கள் இதைத் தொழிற்சாலைக் கருவியாகவே ஆக்கி விற்கத் தொடங்கினார்கள்.

பெண்பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயிற்றில் இருக்கும் பிள்ளையை ஸ்கேனில் பார்த்தீர்களே, அந்தக் கருவி முதலில் ஆஸ்பத்திரிக்காக வந்ததல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் 1955இல், அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். இரும்புப் பற்றவைப்பைச் சோதிக்கும் மீயொலிக் கருவியில் அந்தக் கட்டிகளை வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டிக்கும் சதைக்கட்டிக்கும் எதிரொலி வேறு வேறாக வந்தது. 1958இல் கட்டுரையாக எழுதினார். வயிற்றில் தடவும் அந்தக் குளிர்ந்த பசைக்கும் காரணம் இதுதான்: நடுவில் மெல்லிய காற்று இருந்தாலும் மீயொலி முழுக்கத் திரும்பிப் போய்விடும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், இனி வரும் கதை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

பாய்லர் என்றதும் நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் திருச்சி பெல் தானே நினைவு வரும். பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று அங்கே 1975இல் தொடங்கினார்கள். அந்த வட்டாரத்துப் பட்டறைகளில் பழகிய நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் 'யூ.டி. பார்க்கிறேன்' என்று சொல்கிறார்கள். யூ.டி. என்றால் மீயொலிச் சோதனை. அப்படி ஒருவன், பன்னிரண்டு வருடம் குழாய்ப் பற்றவைப்பு பார்த்தவன், இப்போது விமானப் பாகங்கள் செய்யும் இடத்துக்கு மாறியிருக்கிறான். போன மாதம் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்: "டீச்சர், இரும்புல கண்ண மூடிக்கிட்டு சொல்லிருவேன். இந்த காம்போசிட்ல ஸ்கிரீன் முழுக்க புல்லு மொளச்ச மாதிரி சிக்னல் வருது. எது குறை, எது பொருளுன்னே தெரியல." நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு அறிவியல் சொன்னவள், பொறியாளர் இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதனால் தேடிப் படித்தேன். இந்தப் பதிவே அதன் விளைவு.

காம்போசிட் என்ற கூட்டுப்பொருள் நமக்குப் புதிதில்லை. சேற்று மண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்துச் சுவர் வைத்தோம், நெல் கொட்டக் குதிர் செய்தோம். நம் மாவட்டத்து அய்யனார் கோயில் குதிரைகளைச் செய்யும் வேளார்கள் களிமண்ணோடு உமியும் மணலும் கலந்துதான் பிசைகிறார்கள். மண் தனியாக இருந்தால் வெடிக்கும், வைக்கோல் தனியாக நிற்காது. இரண்டும் சேர்ந்தால் வீடு. வைக்கோலுக்குப் பதில் கார்பன் இழை, சேற்றுக்குப் பதில் பிசின் என்று வைத்துக்கொண்டால் இன்றைய விமான இறக்கை வந்துவிடும். தலைமுடியைவிட மெல்லிய இழைகளைப் பாய் மாதிரி பரப்பி, பிசினில் ஊறவைத்து, ஒரு பாய் நேராக, அடுத்தது குறுக்காக, அடுத்தது சாய்வாக என்று அடுக்கி, பெரிய பிரஷர் குக்கர் போன்ற கலனில் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்து வேகவைக்கிறார்கள். ஒரு பாயின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அலுமினியத்தைவிட எடை குறைவு, துருப்பிடிக்காது.

சிக்கல் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தின் தாள்களை ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டினால் பலகை மாதிரி விறைப்பாக நிற்கும். ஒட்டாவிட்டால் கையில் துவளும். தாளின் எண்ணிக்கையும் எடையும் மாறவில்லை, பலம் மட்டும் போய்விட்டது. கூட்டுப்பொருளில் இரண்டு அடுக்குக்கு நடுவில் ஒட்டு விட்டுப் போனால் அதே கதை. இதில் கொடுமை, வெளியே தெரியாது. காரின் தகரக் கதவில் கல் விழுந்தால் ஒடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் தகட்டின் மேல் மெக்கானிக்கின் ஸ்பேனர் விழுந்தால் மேலே ஒரு பொட்டு, சில நேரம் அதுவும் இராது. உள்ளே போகப் போக ஒவ்வொரு அடுக்கிலும் பிளவு அகலமாகிக் குடை விரித்த மாதிரி இருக்கும். இந்தப் பிளவுகளில் இருப்பது காற்று. காற்று வந்தால் மீயொலி திரும்பிவிடும் என்று சொன்னேன் அல்லவா? அதனால்தான் இந்தக் குறையைத் தேட மீயொலியைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. மெல்லிய பிளவு தகட்டுக்கு இணையாகப் படுத்திருப்பதால் எக்ஸ்ரே அதைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடும்.

என் மாணவனின் 'புல்லு' எங்கிருந்து வருகிறது? இரும்பு ஏறக்குறைய எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி. ஒலி அதில் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும். கார்பன் தகட்டில் குறுக்கே போனால் சுமார் 3,000 மீட்டர், இழையின் வழியே போனால் அதைப்போல மூன்று மடங்கு. திசை மாறினால் வேகம் மாறுகிறது. அதனால் இரும்பில் சாய்வாக அனுப்பிப் பழகிய ஒலி இங்கே எங்கே போகிறது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் கொஞ்சம் எதிரொலிக்கிறது, அதுதான் புல். பிசின் வேறு ஒலியைக் குடித்துவிடுகிறது. கணக்கும் போட்டுப் பாருங்கள்: 3 மில்லிமீட்டர் தகட்டுக்குள் போய்த் திரும்ப ஒலிக்கு நொடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நேரம் போதும். அதற்குள் பதினைந்து, இருபது அடுக்குகளின் குரல். சந்தைக்கடையில் ஒரு ஆளின் இருமலைத் தேடுவது மாதிரிதான்.

இதற்கு வரலாறு கொடுத்த பதில் எனக்குப் பிடித்தது. ஃபயர்ஸ்டோனின் எதிரொலி முறை வந்தபின் ஓரங்கட்டப்பட்டிருந்த சோகோலோவின் பழைய நிழல் முறையைத் தொழிற்சாலைகள் கூட்டுப்பொருளுக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டன. பாகத்தின் இரண்டு பக்கமும் நேருக்கு நேராக இரண்டு நீர்த்தாரைகள். ஒரு தாரை வழியே ஒலி போகிறது, மறு தாரை வழியே வாங்குகிறார்கள். இரண்டும் சேர்ந்து வயல் உழுவது போல வரிசை வரிசையாக நகர, ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒலி வந்து சேர்ந்தது என்பதை வண்ணமாகத் தீட்டினால் ஒரு படம் கிடைக்கும். அதற்கு சி-ஸ்கேன் என்று பெயர். பிளவு இருக்கும் இடம் தீவு மாதிரி தனித்துத் தெரியும். இதில் நம்பகம் எப்படி வருகிறது என்றால், வேண்டுமென்றே குறை வைத்த மாதிரித் தகடு ஒன்றைச் செய்கிறார்கள். அதே இழை, அதே அடுக்கு, நடுவில் தெரிந்த அளவில் வட்டமாக வெட்டிய டெஃப்லான் துண்டுகள். கருவி முதலில் அந்தப் பொய்க் குறையைச் சரியாகக் காட்ட வேண்டும், பிறகே நிஜப் பாகத்தைத் தொடலாம். தம்பி, உன் இரும்பு அளவுக் கட்டையை வைத்து இங்கே அளவு பார்க்காதே. தெரிந்த விடையுள்ள கணக்கை முதலில் போடச் சொல்லி, பிறகு தெரியாத கணக்கைக் கொடுப்போமே, அதே முறைதான்.

இந்தியாவில் இந்தத் துறைக்குள் வந்தால் நம் பக்கத்து ராமேஸ்வரத்துக்காரரைத் தாண்டிப் போக முடியாது. அப்துல் கலாம் குடியரசுத் தலைவர் ஆவதற்கு வெகு காலம் முன்பு, தும்பாவில் இழைக் கூட்டுப்பொருள் வேலையில் முன்நின்றவர். எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் மேல் நிலைகளுக்கு இரும்பு உறை போட்டால் கனம் தாங்காது. மூன்றாம், நான்காம் நிலை மோட்டார் உறைகளை இழையால் செய்தார்கள். 1980 ஜூலை 18 அன்று அது ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. பிற்பாடு போலியோவால் கால் பாதித்த பிள்ளைகளுக்கு, மூன்று கிலோ காலிப்பருக்குப் பதில் 300 கிராமில் கூட்டுப்பொருள் காலிப்பர் செய்யவும் அவர் காரணமாக இருந்தார்.

1959இல் தொடங்கிய, பெங்களூரில் இருக்கும் தேசிய விண்வெளி ஆய்வகத்தில் கூட்டுப்பொருளிலேயே ஹன்சா என்ற சிறு விமானம் செய்து 1993இல் பறக்கவிட்டார்கள். அடுத்து தேஜஸ் போர் விமானம், 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதன் உடலில் எடைக் கணக்கில் சுமார் 45 விழுக்காடு கூட்டுப்பொருள். வெளியே தெரியும் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல். தனித்தனித் துண்டுகளாகச் செய்து ரிவெட் அடிக்காமல், தோலையும் உள்ளெலும்பையும் ஒன்றாகச் சேர்த்தே வேகவைக்கும் முறையை அந்த ஆய்வகம் அதன் வால் துடுப்புக்குக் கையாண்டது. நல்லதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: உள்ளே ஒரு மூலையில் பிசின் போய்ச் சேராவிட்டால் கழற்றிப் பார்க்க அங்கே ஆணி கிடையாது. முழுப் பாகத்தையும் மீயொலியால் தடவித் தடவித்தான் பார்க்க வேண்டும். விமானத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் விமானியைச் சொல்கிறார்கள், வடிவமைத்தவரைச் சொல்கிறார்கள். தண்ணீர்த் தாரைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்று திரையைப் பார்த்தவரை யாரும் சொல்வதில்லை.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள். முதலாவது நம் எல்லோரையும் அழ வைத்தது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பிய 82 நொடிகளுக்குள், வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அந்த விளிம்பு கார்பனுக்குள் கார்பன் வைத்துச் செய்த கூட்டுப்பொருள். முக்கால் கிலோ நுரை என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டார்கள். பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது அந்த ஓட்டை வழியே அனல் புகுந்தது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள். ஜூலையில் ஒரு சோதனைக் கூடத்தில் அதே போன்ற விளிம்பில் நுரையை அதே வேகத்தில் எறிந்தபோது ஓர் அடிக்கு மேல் அகலமான ஓட்டை விழுந்தது.

உள்ளே ஒளிந்திருந்த பழைய குறைதான் கொலம்பியாவை வீழ்த்தியது என்று விசாரணைக் குழு சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டுப்பொருள் விளிம்புகளை அதுவரை எப்படிச் சோதித்து வந்தார்கள் என்று பார்த்தபோது, பெரும்பாலும் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும்தான் என்று தெரிந்தது. விண்வெளிக்குப் போகும் கலம், சோதனை பலாப்பழச் சந்தை அளவில்! நவீன அழிவில்லாச் சோதனை முறைகளைக் கொண்டு அந்தப் பாகங்களின் உறுதியை முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று குழு பரிந்துரை எழுதியது.

இரண்டாவது நிகழ்ச்சி, நான் முதலில் சொன்ன டைட்டானிக்குக்கே திரும்பிப் போகிறது. 2023 ஜூன் 18 அன்று டைட்டன் என்ற சிறு நீர்மூழ்கி, டைட்டானிக்கின் சிதைவைப் பார்க்க ஐந்து பேரோடு வட அட்லாண்டிக்கில் இறங்கியது. சிதைவு கிடப்பது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில். அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் ஏறக்குறைய 390 கிலோ அழுத்தும், ஒரு கட்டைவிரல் நகத்தின் மேல் நாலு நெல் மூட்டைக்கு மேல். இவ்வளவு ஆழத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் கலத்தின் உடலை உலோகத்தில் செய்வதே வழக்கம். இவர்கள் ஐந்து அங்குலத் தடிமனில் கார்பன் இழை உருளை செய்து, இரு முனையிலும் டைட்டானியம் மூடி ஒட்டியிருந்தார்கள். கீழே போகும் வழியில் அது ஒரே நொடிக்குள் நசுங்கியது. ஒருவர் 19 வயதுப் பையன், அப்பாவோடு வந்தவன்.

ஐந்தாண்டுகளுக்கு முன்பே ஒருவர் தட்டிக் கேட்டிருந்தார். டேவிட் லாக்ரிட்ஜ், அதே நிறுவனத்தில் கடல்சார் பணிகளுக்குப் பொறுப்பாளர். 2018 ஜனவரியில் அவர் எழுதிக் கொடுத்த ஆய்வறிக்கையில், உடலைச் சோதனை செய்து அடுக்குப் பிரிவு, புரை, ஒட்டுக் குறை இல்லை என்று உறுதி செய்யாமல் ஆளை ஏற்றக் கூடாது என்று வற்புறுத்தினார். இவ்வளவு தடிமனை ஸ்கேன் செய்யக் கருவியே இல்லை என்று தன்னிடம் சொன்னதாக அவர் பின்னால் நீதிமன்றத்தில் பதிவு செய்தார். வேலையும் போயிற்று. ஸ்கேனுக்குப் பதிலாக அந்த நிறுவனம் நம்பியது, உடலில் பொருத்திய ஒலி உணரிகளை. இழை அறுந்தால் சத்தம் வரும், சத்தம் கூடினால் மேலே வந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. இங்கேதான் நான் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாமே ஒலியை அனுப்பி 'உள்ளே எப்படி இருக்கிறாய்' என்று கேட்பது ஒன்று. அது உடையும்போது கத்தட்டும், அப்போது பார்ப்போம் என்று காத்திருப்பது வேறொன்று.

அந்த உருளை இரண்டாவது தடவை செய்தது. முதல் உருளையில் விரிசல் கண்டதால் ஒதுக்கிவிட்டு, ஓர் அங்குலமாக ஐந்து தடவை சுற்றி, ஒவ்வொரு தடவையும் வேகவைத்துச் செய்தார்கள். ஐந்து அங்குலத்துக்குள் மீயொலி போய்த் திரும்புவது கடினம், உண்மை. ஓர் அங்குலம் அவ்வளவு கடினமில்லை, ஐந்து முறை நின்று பார்த்திருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. விபத்துக்குப் பின், உருளை செய்தபோது வெட்டி வைத்திருந்த துண்டுகளைச் சோதித்த புலனாய்வாளர்கள் சுருக்கங்களும் புரைகளும் வெற்றிடங்களும் இருந்ததாக 2024 விசாரணையில் சொன்னார்கள். 2022 ஜூலையில் ஒரு பயணம் முடிந்து மேலே வரும்போது உள்ளே இருந்தவர்களுக்கே 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. அதன்பின் கருவிகள் காட்டிய அளவுகளும் மாறின. கலம் தானாகவே வாய் திறந்து சொல்லியும் மறு ஆண்டு அதைக் கடலில் இறக்கினார்கள். இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2025 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. மீயொலி பிறக்கக் காரணமான கப்பலைப் பார்க்கப் போன ஒரு கலம், மீயொலியால் பார்க்கப்படாமலே போனது.

நம் சென்னையிலும் ஆழ்கடலுக்கு ஆள் அனுப்பத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'மத்ஸ்யா 6000'. மூன்று பேர், 6,000 மீட்டர் ஆழம். அவர்கள் ஆள் உட்காரும் கோளத்துக்குத் தேர்ந்தெடுத்தது 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியம் உலோகக் கலவை. செய்தியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

இந்தத் துறையில் தமிழ்நாடு பின்தங்கியும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கிருஷ்ணன் பாலசுப்பிரமணியம் அழிவில்லாச் சோதனைக்கென்றே ஒரு மையத்தைக் கட்டியெழுப்பினார். தகட்டின் ஓரத்தில் ஒலியைச் செலுத்தி, அது தகட்டோடு நெடுந்தூரம் ஓடிக் குறையைக் கண்டு வரும் முறையில் அவர்கள் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். 1917இல் ஹொரேஸ் லாம்ப் என்ற ஆங்கிலேயர் கணக்காக மட்டும் எழுதிவைத்த அலை அது. அங்கிருந்து கிளம்பிய ஒரு நிறுவனத்துக்கு 'த்வனி' என்றே பெயர். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் பல்தேவ் ராஜ் அவர்களின் குழு உலைப் பாகங்களோடு நிற்காமல் ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத் தூண்களுக்கும் மீயொலியை அனுப்பிப் பார்த்து 2008இல் கட்டுரை எழுதியது. தூண்கள் உள்ளே குடைந்தவை, அதனால்தான் பாடுகின்றன என்று ஒரு பேச்சு உண்டே? பொள்ளல் இல்லை, கெட்டிக் கல் என்று முடிவு வந்தது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டு இருக்கும் மாவட்டத்துக்காரர்கள் நாம், கல்லும் ஒலியும் சேர்ந்த செய்தி என்றால் காது தானாகத் திரும்புகிறது.

இவ்வளவு சொன்னபின் மீயொலியால் முடியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கூட்டுப்பொருள் தகடுகளைப் பசையால் ஒட்டுகிறார்கள். ஒட்டும் முன் பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கலாம். வெந்தபின் இரண்டும் இடைவெளியே இல்லாமல் அழுத்தமாகத் தொட்டுக்கொண்டு நிற்கும், பிடிப்பு மட்டும் இருக்காது. நடுவில் காற்று இல்லாததால் மீயொலி தாராளமாகக் கடந்து போய் 'எல்லாம் சரி' என்று சொல்லிவிடும். இழுத்தால் கையோடு வந்துவிடும். ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், வெளியிலிருந்து பார்த்தால் கூட்டுக் குடும்பம். ஒட்டு இருக்கிறதா என்று மீயொலி சொல்லும், எவ்வளவு பலம் என்று உறுதியாகச் சொல்லாது. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இன்னும் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

விமான விதிகளை எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். உயிர்நிலையான ஒட்டு என்றால் மூன்று வழியில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். ஒட்டு விட்டுப்போனாலும் பிரிவு ஓர் அளவுக்கு மேல் பரவாதபடி தடுப்பு வைத்திருக்க வேண்டும். அல்லது செய்த ஒவ்வொரு பாகத்தையும் முழுச் சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். அல்லது ஒட்டின் பலத்தையே நம்பகமாகச் சொல்லும் அழிவில்லாச் சோதனை முறை வேண்டும். மூன்றாவது இன்னும் கைக்கு எட்டாததால் முதல் இரண்டையே பெரும்பாலும் நம்புகிறார்கள். பசை போட்டு ஒட்டிய இடத்திலும் பிரிவு பரவாமல் இருக்க நடுநடுவே ரிவெட் அடித்துவைப்பது உண்டு. எடை கூடுகிறதே என்று அலுத்துக்கொள்ளும் பொறியாளர்கள் அதற்குக் கேலியாகப் 'பயந்தாங்கொள்ளி ரிவெட்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். சின்னவன் டிக்கெட் போட்டிருக்கிறான், தை மாதம் நானும் சிங்கப்பூர் போகிறேன். நான் ஏறும் விமானத்தில் அவை நாலு கூடவே இருக்கட்டும்.